ஆதிகேசவனும் ஆயிரம் டெம்ப்பும்

ஒரு ஊர்ல ஒரு பரீட்சை ஆபீஸ் இருந்துதாம். அரண்மனை இல்ல, ராஜா இல்ல, ஆனா ராஜாவுக்கு மேல அலட்டற ஒருத்தன் அங்க இருந்தான். பேரு ஆதிகேசவன். கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதறவன். ‘ம்’ கொட்டணும், இல்லாட்டி பெரியம்மா பாதியில நிறுத்திடுவேன்.

ம்.

ஆறு வருஷமா அவன் அங்க தற்காலிக ஆள்தான். பெர்மனன்ட் ஆகணும், அது ஒண்ணுதான் அவனுக்கு ராவும் பகலும் நெனப்பு. டைரக்டரம்மா சொல்லியிருந்தாங்க, ரிசல்ட் போடறதுக்குப் புதுசா ஒரு பெரிய புரோகிராம் எழுது, வெள்ளிக்கிழமை வந்து பாக்கறேன், ஓடுச்சுன்னா அன்னிக்கே ஆர்டர்ல கையெழுத்து போடறேன்னு. நம்ம ஆளு என்ன பண்ணான் தெரியுமா? ஆர்டர் வர்றதுக்கு முன்னாடியே கடைத்தெருவுக்குப் போய், ‘ஆதிகேசவன், தலைமைப் புரோகிராமர்’னு பித்தளையில பலகை அடிச்சுட்டு வந்துட்டான். பேப்பர்ல சுத்தி மேஜைக்கு அடியில வெச்சுக்கிட்டான். அப்பப்போ குனிஞ்சு, பேப்பரை லேசாப் பிரிச்சு, பாத்துப்பான். பல்லெல்லாம் தெரியும்.

அப்போ அந்த ஆபீஸ்ல ஹால் டிக்கெட் அடிக்கிற நேரம். நாப்பதாயிரம் பிள்ளைங்க. அதுக்கும் இவன்தான் ஒரு சின்னப் புரோகிராம் எழுதிக் குடுத்திருந்தான். ஒரு பிள்ளையோட போட்டோவை வெட்டணும், சின்னதாக்கணும், பேரோட ஒட்டணும். அந்த வெட்டின துண்டெல்லாம் வெச்சுக்க கம்ப்யூட்டருக்குள்ள கொஞ்ச நேரத்துக்கு ஒரு ஃபோல்டர் வேணும். நீ காலையில நாற்காலி மேல போர்வையப் போட்டு வீடு கட்டினியே, அது மாதிரி. விளையாடி முடிச்சா பிரிச்சுடணும். டிக்கெட் அடிச்சு முடிச்சா அந்த ஃபோல்டரை அழிச்சுடணும், அவ்வளவுதான். இது ஒண்ணும் பெரிய மலை இல்ல.

ம்.

அதுக்கு அந்த மகாராஜா வெச்ச பேரு ‘டெம்ப்’. டெம்ப்னா இப்போதைக்குன்னு அர்த்தம். எந்தப் பிள்ளையா இருந்தாலும், யாரு பட்டனைத் தட்டினாலும், அதே டெம்ப். பேர் யோசிக்கக்கூட அவருக்கு உடம்பு வணங்காது.

அப்புறம் ஒரு நாள், டைப் அடிக்கிற ரெஜினாம்மா இந்தப் பக்கம் டக்குனு பட்டனைத் தட்டினாங்க. அந்தப் பக்கம் காசிநாதன்னு இன்னொருத்தர் அதே நேரத்துல டக்குனு தட்டினார். ரெண்டு பேரும் அடிச்ச பிள்ளைங்களோட போட்டோ ஒரே ஃபோல்டருக்குள்ள போய் விழுந்துது. ஒண்ணை ஒண்ணு அமுக்கிடுச்சு. கிர்ர் கிர்ர்னு டிக்கெட் வெளிய வந்தா, வடிவாம்பாள்ங்கற பொண்ணு பேருக்கு மேல அரும்பு மீசையோட ஒரு பையன்.

சிரிக்காத. அந்தப் பொண்ணோட அப்பா டிக்கெட்டைத் தூக்கிக்கிட்டு கவுன்டருக்கு வந்து நின்னார். என் பிள்ளையைப் பரீட்சை ஹாலுக்குள்ள விடுவாங்களான்னு கேட்டு, கண்ணு கலங்கிட்டார். ரெஜினாம்மாதான் அவருக்கு வேற அடிச்சுக் குடுத்து அனுப்பினாங்க. ஆதிகேசவன் தலையைத் தூக்கிக்கூடப் பாக்கல. சின்ன விஷயம், இப்ப பாருங்கன்னுட்டு, டெம்ப் ஒண்ணு, டெம்ப் ரெண்டு, டெம்ப் மூணுன்னு ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனி ஃபோல்டர் திறக்க வெச்சான். அது சரிதான். திறக்கத் தெரிஞ்சவனுக்கு மூடத் தெரியணுமே. ஒண்ணைக்கூட அழிக்கல.

ம்.

டெம்ப் நூறு ஆச்சு. ஆயிரம் ஆச்சு. பத்தாயிரம் ஆச்சு. அந்த மெஷினும் எவ்வளவுதான் முழுங்கும்? ஒரு நாள் மத்தியானம், சாப்பிட்டு வந்து எல்லாரும் உக்காந்தா, கிர்ர்ர்... கிர்... டொக். நின்னு போச்சு. திரையில ‘இடம் இல்லை’ன்னு ஒரு வரி. வெளிய வரிசை தெரு முனை வரைக்கும் நிக்குது. அப்போ அவன் சட்டைக் கையை மடிச்சு விட்டுக்கிட்டு, ஏதோ கிணறு வெட்ட வந்தவன் மாதிரி, சாயந்தரம் வரைக்கும் உக்காந்து ஒண்ணொண்ணா அத்தனையையும் அழிச்சான். அழிச்சுட்டு, புரோகிராமோட கடைசி வரியில ‘ஃபோல்டரை அழி’ன்னு எழுதிச் சேத்தான். எப்படின்னு எல்லாரையும் சுத்திப் பாத்தான். யாரும் பாக்கல, வீட்டுக்குக் கிளம்பிக்கிட்டிருந்தாங்க.

ஆனா பாரு, கடைசி வரிக்குப் போனாத்தானே அழிக்கும்? சில பிள்ளைங்க அனுப்பின போட்டோ கெட்டுப்போனது. அதைத் தொட்டதும் புரோகிராம் பாதி வழியில டமார்னு விழுந்துடும். விழுந்தது எங்க எழுந்து கடைசி வரிக்குப் போறது? ஃபோல்டர் அப்படியே கெடக்கும். இதை ரெஜினாம்மா ரெண்டே நாள்ல கவனிச்சுட்டாங்க. அவன்கிட்ட போய் மெதுவாச் சொன்னாங்க.

“சார், ஃபோல்டரைத் திறக்கும்போதே, வேலை முடிஞ்சாலும் விழுந்தாலும் இதை அழிச்சுடுன்னு சேத்து எழுதிடுங்களேன். கடைசிக்குன்னு வெக்காதீங்க. அப்படியே உங்க புது புரோகிராமையும் நல்ல பேர் போட்டு வேற எடத்துல வைங்க.”

அவன் நாற்காலியைச் சுத்திக்கூடத் திரும்பல.

“நீங்க டைப் அடிக்கிற வேலையைப் பாருங்க மேடம்.”

கொழுப்பு. அந்தம்மா இருபத்திரண்டு வருஷமா அந்த மெஷினோட மல்லுக்கட்டறவங்க. வந்து உக்காந்து அடுத்த டிக்கெட்டை அடிக்க ஆரம்பிச்சுட்டாங்க.

ம்... 

தூங்கிட்டியா? இல்லையா? சரி. அவங்க ஏன் வேற எடத்துல வைங்கன்னு சொன்னாங்கன்னா, ஆறு மாசமா அவன் எழுதின அந்தப் பெரிய புரோகிராம் இருக்குல்ல, பெர்மனன்ட் வாங்கித் தரப்போற புரோகிராம், அதை அவன் எங்க வெச்சிருந்தான்? அதுக்கும் ஒரு ஃபோல்டர். அதுக்கும் பேரு ‘டெம்ப் புதுசு’. இப்போதைக்கு இருக்கட்டும், முடிஞ்சதும் நல்ல பேரா மாத்தி, ஒரு நகல் எடுத்து வெச்சுக்கலாம்னு முதல் நாள் நெனச்சான். ஆறு மாசமும் நெனச்சுக்கிட்டே இருந்தான். வேற எங்கயும் ஒரு நகல் கிடையாது.

அப்புறம் வெள்ளிக்கிழமை வந்துது. பதினோரு மணிக்கு டைரக்டரம்மா வராங்க. நம்ம ஆளு புதுச் சட்டை, நெத்தியில சந்தனம், வாசனை ரெண்டு மேஜை தள்ளி வீசுது. பத்தரைக்கு, கிர்ர்ர்... கிர்... டொக். மறுபடியும் ‘இடம் இல்லை’. பாதியில விழுந்த டெம்ப்பெல்லாம் சேந்து ரொம்பிப் போச்சு.

அப்போ அவனுக்கு வேர்த்துது. ஒண்ணொண்ணா அழிக்க நேரம் இல்ல. உடனே ஒரே வரி தட்டினான். டெம்ப்னு ஆரம்பிக்கிறது எதுவா இருந்தாலும் அழி, என்னை ஒண்ணும் கேக்காத, திருப்பித் தர்ற குப்பைத்தொட்டியிலயும் போடாத, அடியோட அழி. ரெஜினாம்மா எழுந்து, “சார், ஒரு நிமிஷம்”னாங்க. அவன் கையைக் காட்டி உக்கார வெச்சான். தட்டினான்.

சர்ர்ர்ர்ர்ர்ர்ர்.

ஆஹா, மெஷின் காத்தாடி மாதிரி ஆயிடுச்சு. இவனுக்கு முகத்துல வெளிச்சம். குனிஞ்சு பித்தளைப் பலகையை ஒரு தடவை தடவிக்கிட்டான். டைரக்டரம்மா வந்தாங்க, கையில பழுப்பு நிறக் கவர், உள்ள ஆர்டர், பேனாவைக்கூடத் திறந்துட்டாங்க. எங்க, ஓட்டிக் காட்டுங்கன்னாங்க. அவன் தேடினான். மேல தேடினான், கீழ தேடினான். இன்னொரு தடவை மேல தேடினான். காதெல்லாம் செவந்து போச்சு.

“எங்க வெச்சீங்க?”

“இப்போதைக்குன்னு ஒரு எடத்துல வெச்சிருந்தேன் மேடம்.”

சொல்லிட்டு இன்னொரு தடவை கீழ தேடினான். டைரக்டரம்மா திட்டவும் இல்ல. பேனாவை மூடினாங்க. கவரைப் பைக்குள்ள வெச்சுக்கிட்டாங்க. போகும்போது ரெஜினாம்மா மேஜைகிட்ட நின்னு, உங்களுக்கு இந்தப் புரோகிராம் வேலை வருமான்னு கேட்டாங்க. வரும்னாங்க அந்தம்மா.

வந்துது. ஹால் டிக்கெட்டை அவங்க திருத்தி எழுதினாங்க. ஃபோல்டர் திறக்கும், வேலை நடக்கும், நடுவுல விழுந்தாலும் தானே சுத்தமாயிடும். நாப்பதாயிரம் பிள்ளைங்களும் அவங்கவங்க மூஞ்சியோட பரீட்சைக்குப் போனாங்க.

ஆதிகேசவனா? இன்னும் அதே நாற்காலியில, அதே தற்காலிக ஆளாத்தான் இருக்கான். அந்தப் பித்தளைப் பலகை பேப்பரோட மேஜைக்கு அடியிலயே கெடக்கு. கூட்டறவங்க தெனம் துடைப்பத்தால அதைத் தட்டி, இது என்ன சார், எடுத்துடவான்னு கேக்கறாங்க. அவன் ஒவ்வொரு நாளும், இப்போதைக்கு இருக்கட்டும்ங்கறான். எனக்கே அதைக் கேட்டப்போ அவனைத் திட்ட வாய் வரல. ஒரு நிமிஷம்தான், அப்புறம் வந்துடுச்சு.

ம்ம்...

கண்ணு சொக்குதா? அந்த நாற்காலி மேல இருக்கற போர்வை வீட்டை யாரு பிரிக்கறது?

“இப்போதைக்கு இருக்கட்டும் பெரியம்மா...”

நல்லா இருக்குடி. சரி, கதை தன் பாயைச் சுருட்டிக்கிட்டு போயாச்சு. நீ மூடு கண்ணை.