ஒட்டுக்கேட்டவர்

கத்தோலிக்கக் குருவான தஸ்நேவிஸ் சாமியிடம் சீடராக வந்து சேர்ந்தபோது சவரிராயனுக்கு அறுபத்து மூன்று வயது. சாமிக்கு நாற்பத்தாறு.

சவரிராயன் போலீஸ் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு அவருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. உப்பளங்களுக்கு நடுவே சாமி ஒரு சிறிய தியான இல்லம் நடத்திவந்தார். அங்கே ஒரு பையோடு வந்து நின்றார்.

"ஜெபிக்கக் கத்துக்கணும் சாமி."

"தங்குங்க அண்ணாச்சி" என்றார் சாமி.

கோயிலைக் கூட்டுவதும் பூசை உடுப்புகளை மடித்து வைப்பதும் அவர் வேலையாயின. ஒழுங்காகச் செய்தார். தாடி வளர்ந்தது. பார்க்கிறவர்கள் அவரையே சாமியார் என்று நினைத்துக் கும்பிட்டார்கள். ஆனால் வாசலில் யார் வந்தாலும் முதலில் கால் செருப்பைப் பார்ப்பார், பிறகு கையை, பிறகுதான் முகத்தை. முப்பத்திரண்டு வருடப் பழக்கம் அது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, வந்தவர்கள் தங்கள் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம் முடிந்து சாமி வெளியே வந்ததும் சவரிராயன் கேட்டார்.

"சாமி, பாவசங்கீர்த்தனத்துல ஒருத்தன் பொய் சொன்னா உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாமலா மன்னிப்புக் குடுக்கிறீங்க?"

"ஸ்டேஷன்ல ஒருத்தன் ஒத்துக்கிட்டா, அது உண்மைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரிஞ்சிரும் சாமி."

"எப்படி?"

"அனுபவம்" என்றார்.

சாமி மேலே கேட்கவில்லை. சவரிராயன் விடவில்லை.

"இப்ப வந்துட்டுப் போனானே வியாகப்பன், உப்பளத்துக்காரன். மூணு வெள்ளிக்கிழமையாப் பாக்கிறேன். ஒவ்வொரு தடவையும் பதினோரு நிமிஷம். உப்பு வார்றவனுக்கு வாராவாரம் பதினோரு நிமிஷத்துக்கு என்ன பாவம் இருக்கும்?"

"நேரம் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். அவனை எனக்குத் தெரியும் சாமி. பழைய கேஸு. கூடப் பிறந்த தம்பியை உப்பளத்துக் கிணத்துல தள்ளிக் கொன்னவன். சிலுவைன்னு பேரு அந்தத் தம்பிக்கு. இவனே வாயால ஒத்துக்கிட்டான். ஸ்டேஷன்ல சொன்னது செல்லாதுன்னு கோர்ட்டு விட்டுருச்சு."

சாமியின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"அதை உங்ககிட்ட சொல்லிட்டானா? ஆமா, இல்லன்னு மட்டும் சொல்லுங்க."

"மத்தியானச் சாப்பாட்டுக்கு எத்தனை பேருன்னு சமையல்ல கேட்டுட்டு வாங்க அண்ணாச்சி" என்றார் சாமி.

சமையலறைக்குப் போகும் வழியெல்லாம் சவரிராயன் அதையே நினைத்தார். சொல்லியிருந்தால் சாமியின் கண் அசைந்திருக்கும். சொல்லாமல் இருந்தாலும் அசைந்திருக்கும். எதுவும் அசையவில்லை என்பதே அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை வியாகப்பன் வந்தார். ஐம்பதைத் தாண்டிய மெலிந்த ஆள். உப்பு தின்று வெளுத்த பாதங்கள். இடது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் மடங்காது. சவரிராயனைக் கடக்கும்போது தலையைக் குனிந்துகொண்டு போனார்.

குற்றமுள்ளவன் குனிவான் என்று சவரிராயன் நினைத்தார்.

சாமி மரத் தடுப்பின் ஒரு பக்கம் உட்கார்ந்தார். வியாகப்பன் மறுபக்கம் முழந்தாளிட்டார். அந்தத் தடுப்புக்குப் பின்னால்தான் பூசை உடுப்புகள் வைக்கும் அறை. சவரிராயன் உள்ளே போய்க் கதவை ஒருக்களித்து வைத்தார். கையில் மடிப்பதற்கு ஒரு துணியையும் எடுத்துக்கொண்டார், யாராவது பார்த்தால் சொல்ல ஒரு காரணம் வேண்டுமே.

வியாகப்பனின் குரல் தெளிவாகவே கேட்டது.

"அதே பாவந்தான் சாமி. இந்த வாரமும் முடியல. அவரை மன்னிச்சிட்டேன்னு காலையில சொல்லிக்கிட்டு வாரேன். இங்க வாசல்ல அவரைப் பாத்ததும் அந்த மன்னிப்பு நிக்க மாட்டேங்குது. தாடி வச்சா எனக்குத் தெரியாமப் போகுமா? குரலைக் கேட்டதுமே தெரிஞ்சுபோச்சு."

துணி சவரிராயன் கையிலேயே நின்றது.

"மூணு நாள் அடிச்சாரு. விரலை ஒடிச்சாரு. என் தம்பியை நான் தொடவே இல்ல சாமி. மூணாம் நாள், வலி நிக்கட்டும்னு, நான்தான் கொன்னேன்னு சொன்னேன். எங்கம்மை சாப்பாட்டுத் தூக்கோட வெளிய நின்னா. அவரு எந்திரிச்சுப் போயி ஜன்னலைத் தொறந்து விட்டாரு. இப்பச் சத்தமாச் சொல்லுன்னாரு. சொன்னேன். அம்மை அதைக் கேட்டுட்டுப் போனவதான். சாகக் கிடந்தப்பவும் என் கையால தண்ணி வாங்கிக் குடிக்கல. அதைத்தான் சாமி என்னால மன்னிக்க முடியல. விரலை மன்னிச்சிட்டேன்."

நான் இங்கே நிற்பது தெரிந்துதான் பேசுகிறான். சவரிராயனுக்கு முதலில் தோன்றியது அதுதான்.

பிறகு அந்த ஜன்னல் நினைவுக்கு வந்தது. கொக்கி துருப்பிடித்து இறுகியிருந்தது. உள்ளங்கையால் தட்டித் திறக்க வேண்டியிருந்தது. வெளியே வேப்பமரத்தடியில் ஒரு கிழவி நிமிர்ந்து பார்த்தாள். அவளை அவர் இத்தனை காலம் நினைத்ததே இல்லை.

வியாகப்பன் போன பிறகும் அவர் அந்த அறையிலேயே நின்றார். உடுப்பைக் கழற்றி வைக்க வந்த சாமி அவரைப் பார்த்தார். கதவைப் பார்த்தார்.

"ஒட்டுக்கேட்டேன் சாமி" என்றார் சவரிராயன்.

சாமிக்குக் கோபம் வந்து அவர் பார்த்ததில்லை. அன்று பார்த்தார். சாமியின் உதடு வெளுத்துவிட்டது.

"கேட்டதுல ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லக்கூடாது. யார்கிட்டயும் சொல்லக்கூடாது. என் காதுல விழுந்ததுக்கு என்ன கட்டோ, திருடிக் கேட்ட உங்க காதுக்கும் அதே கட்டுதான்."

"அவன் கொல்லலன்னு..."

"அண்ணாச்சி."

சவரிராயன் கையிலிருந்த துணியை வைத்துவிட்டு வெளியே போனார்.

இரண்டு நாள் சாமி அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலைப் பூசை முடிந்ததும் சவரிராயன் அவர் முன்னால் போய் நின்றார்.

"நான் அவர்கிட்ட போகணும் சாமி." அவன் என்பது அவராக மாறியதை அவரே கவனிக்கவில்லை.

"எதை வச்சுக்கிட்டுப் போவீங்க?"

"நான் கேட்டதை வச்சுத்தான்..."

"கேட்டதை வச்சுக்கிட்டு நீங்க எங்கயும் போக முடியாது."

சவரிராயன் தலைகுனிந்தார்.

"செஞ்சதை வச்சுக்கிட்டுப் போகலாம்" என்றார் சாமி.

உப்பளத்தில் வெயில் கண்ணைக் குத்தியது. வியாகப்பன் பாத்தியில் நின்று பலகையால் உப்பை இழுத்துக்கொண்டிருந்தார். வரப்பில் வருவது யாரென்று தெரிந்ததும் பலகையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"என்ன கேஸு?"

"கேஸு இல்ல. மன்னிப்புக் கேக்க வந்தேன்."

வியாகப்பன் அவருக்குப் பின்னால் பார்த்தார். உப்புக் குவியல்களுக்கு இடையில் வேறு யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார்.

"என்ன வேணும் உமக்கு? எதுல கையெழுத்துப் போடணும்?"

"ஒண்ணும் வேண்டாம். உம்மை அடிச்சேன். செய்யாததைச் செஞ்சதாச் சொல்ல வச்சேன். உங்கம்மா கேக்கணும்னு ஜன்னலைத் திறந்தேன்."

வியாகப்பன் முகம் மாறியது.

"இத்தனை வருஷம் இல்லாம இப்ப எப்படி ஞாபகம் வந்துச்சு? சாமி சொன்னாரா? தஸ்நேவிஸ் சாமியா சொன்னாரு?"

இல்லை என்று மட்டும் சொன்னால் வியாகப்பன் நம்பமாட்டார். இனி எந்தச் சாமியிடமும் முழந்தாளிடமாட்டார். சவரிராயனுக்கு அது தெரிந்தது.

"சாமி வாயைத் திறக்கல. அவர் மேல சத்தியம். நான் கதவுக்குப் பின்னால நின்னு ஒட்டுக்கேட்டேன்."

பலகை கீழே விழுந்தது.

"அங்கயும் ஜன்னலைத் தொறந்துட்டீரா?"

வியாகப்பன் அடிப்பார் என்று சவரிராயன் எதிர்பார்த்து நின்றார். அடி விழவில்லை.

"நீரு சொல்றது நெசமா நடிப்பான்னு எனக்குத் தெரியல" என்றார் வியாகப்பன். "எனக்குத் தெரியவும் வேண்டாம். எங்க அக்கா ரெஜினா வீடு கோயில் தெருவுல இருக்கு. அம்மை செத்ததுல இருந்து என்னை வாசப்படி ஏத்தல. அங்க போயிச் சொல்லும். சத்தமாச் சொல்லும். அன்னைக்கு நான் சொன்ன அளவுக்குச் சத்தமா."

சவரிராயன் நேரே அங்கே போனார். தெருவில் பெண்கள் குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தார்கள். சவரிராயன் அந்த வீட்டின் முன் நின்று தன் பெயரையும் பழைய வேலையையும் சொன்னார். பிறகு தெரு முழுக்கக் கேட்கும்படி குரலை உயர்த்தினார்.

"உங்க தம்பி வியாகப்பன், சிலுவையைக் கொன்னதாச் சொன்னது நான் அடிச்சதால. நான்தான் சொல்லச் சொன்னேன். உங்கம்மா காதுல விழணும்னு ஜன்னலைத் திறந்ததும் நான்தான்."

பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். ரெஜினா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலை முழுக்க நரைத்திருந்தது.

"அப்ப சிலுவையைக் கொன்னது யாரு?"

"தெரியாது."

"தெரியாதா?"

"கிணத்துல தானா விழுந்தாரா, யாரும் தள்ளினாங்களா, நான் விசாரிக்கவே இல்லம்மா. இவரு ஒத்துக்கிட்டாரு. கேஸை முடிச்சிட்டேன்."

ரெஜினா அவரையே பார்த்தாள். "எங்கம்மைக்கு இதை யாரு போயிச் சொல்லுவா?" என்று கேட்டாள். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தியான இல்லத்துக்குத் திரும்பிய சவரிராயன் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்றார். சாமி தடுப்பின் பின்னால் போய் உட்கார்ந்தார். இந்த முறை கதவருகே யாரும் நிற்கவில்லை. அதனால் அவர் என்ன சொன்னார் என்பது தெரியாது. வெயில் தாழும்வரை சொன்னார் என்பது மட்டும் தெரியும்.

இரண்டு நாள் கழித்து ரெஜினா உப்பளத்துக்குச் சோறு கொண்டுபோனதாக ஊரில் பேசிக்கொண்டார்கள். அக்காவும் தம்பியும் வரப்பில் உட்கார்ந்திருந்தார்களாம். பேசிக்கொண்டதாக யாரும் சொல்லவில்லை. வியாகப்பன் சாப்பிட்டார் என்று சொன்னார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை அவர் வருவாரோ மாட்டாரோ என்று சவரிராயன் காலையிலிருந்து தவித்தார். வந்தார். சவரிராயன் கிணற்றடிக்கு விலகிப் போய் நின்றுகொண்டார். அங்கிருந்து கோயிலின் உள்ளே பார்க்க முடிந்தது.

வியாகப்பன் நேராகப் பூசை உடுப்பு அறைக்குப் போனார். கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். கதவுக்குப் பின்னாலும் பார்த்தார். அதை இழுத்துச் சாத்தி, சாத்தியிருக்கிறதா என்று தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் முழந்தாளிட்டார். திரும்பிப் போகும்போது சவரிராயன் கைகூப்பினார். வியாகப்பன் அவர் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை. போய்விட்டார்.

அன்று மத்தியானம் சாப்பாட்டில் சவரிராயனுக்குக் கை போகவில்லை.

"என்ன அண்ணாச்சி?"

"கடவுள் மன்னிச்சிட்டார்னு நீங்க சொன்னீங்க. நம்புறேன் சாமி."

"சரி."

"அவர் என்னை நம்பல. உள்ள எட்டிப் பாத்துட்டுத்தான் முட்டி போட்டாரு. நான் கும்பிட்டா, கையில என்ன வச்சிருக்கேன்னு பாக்கிறாரு. தெருவுல நின்னு அத்தனை பேர் முன்னால சொன்னேன். இன்னும் எத்தனை நாளைக்குச் சாமி என்னைச் சந்தேகப்படுவாரு?"

சாமி மோரை ஊற்றிக்கொண்டார்.

"நீங்க அவரை எத்தனை வருஷம் சந்தேகப்பட்டீங்க?"

சவரிராயன் மனதுக்குள் எண்ணிப் பார்த்தார்.

"பத்தொன்பது வருஷம்."

"அவர் இப்பத்தானே அண்ணாச்சி ஆரம்பிச்சிருக்காரு" என்றார் சாமி.