எத்தனை மூட்டை சுண்ணாம்பு?

“இன்னும் எத்தனை மூட்டை சுண்ணாம்பு போட்டா இந்த மண்ணு அடங்கும், தாயி?”

கேட்டவர் தவசிலிங்கம், ஒன்றிய அலுவலகத்து ஓவர்சியர். அவர் ஓய்வு பெற நாலு மாதம் இருக்கிறது. முழங்கால் அதற்கு முன்பே ஓய்வு வாங்கிவிட்டது.

கேட்கப்பட்டவள் உலகம்மாள், சுண்ணாம்புக் காளவாசல் வைத்திருப்பவள். வயதில் அவருக்கு மகள் மாதிரி. ஆனாலும் எதற்கு எவ்வளவு சுண்ணாம்பு என்று கேட்டுச் சுற்றுவட்டாரமே அவளிடம்தான் வந்து நிற்கும். பாதிப் பேருக்கு அவள் பதிலே சொல்ல மாட்டாள்.

தவசிலிங்கம் கல்லில் உட்கார்ந்து தான் படும் பாட்டைச் சொன்னார்.

ஆவரங்குளம் கிராமத்துக்குப் போவது இரண்டு மைல் கரிசல் பாதை. மழை பெய்தால் வண்டியை விழுங்கிவிடும். போன ஐப்பசியில் ஆம்புலன்ஸ் புதைந்து நின்றபோது, செண்பகம் என்ற பெண்ணைக் கட்டிலில் வைத்துத் தூக்கி வந்தார்கள். பிள்ளை வழியிலேயே பிறந்தது, தங்கவில்லை. கட்டிலைத் தூக்கியவர்களில் அவரும் ஒருவர்.

செண்பகம் இப்போது மறுபடி மாசமாக இருக்கிறாள். கார்த்திகையில் நாள் சொல்லியிருக்கிறார்கள்.

கரிசலைக் கிளறி, சுண்ணாம்பு கலந்து, தண்ணீர் விட்டு, ரோலர் ஓட்டினால் கெட்டிப்படும். ஆனால் ஏழு நாள் ஈரம் காயாமல், யாரும் மிதிக்காமல் கிடக்க வேண்டும். பன்னிரண்டு அடி அகலத்தையும் முழுசாகப் போட்டு, இரண்டு முனையிலும் வேலிமுள்ளை வெட்டிப் போட்டார். மூன்று தடவை செய்தாயிற்று. மூன்று தடவையும் மூன்றாம் நாளே டயர் தடம் விழுந்து, பாதை பெயர்ந்து போனது.

“யாருக்காகச் சாகுறேனோ அவங்களே முள்ளை விலக்கிட்டுப் போறாங்க. எனக்கு அலுத்துப்போச்சு தாயி. சுண்ணாம்பை ரெட்டிப்பாப் போட்டா மிதியைத் தாங்குமா?”

உலகம்மாள் அடுப்புக்குக் கரி தள்ளிக்கொண்டே கேட்டாள்.

“முள்ளுப் பக்கத்துல உக்காந்து பாத்தீங்களா சார்?”

“அதுவா என் வேலை?”

“நாளைக்கு ஒரு நாள் உக்காருங்க. அப்புறம் எத்தனை மூட்டைன்னு சொல்லுதேன்.”

மறுநாள் விடிந்ததும் ஊர் முனையில் குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். நாலு பேரையாவது நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட வேண்டும் என்றுதான் போனார்.

முதலில் பால்காரர் வந்தார். இடதும் வலதும் பார்த்தார். இரண்டு பக்கமும் தோட்டம், கம்பிவேலி. முள்ளை விலக்கி அந்தப் பக்கம் போனவர், கேனை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பி வந்து, முள்ளைப் பழைய இடத்திலேயே இழுத்துப் போட்டார்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அப்படியே எடுத்தார்கள், அப்படியே வைத்தார்கள்.

தவசிலிங்கம் குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டார்.

பத்து மணிக்குச் செண்பகம் வந்தாள். பின்னால் அவள் புருஷன் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தான். வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு முள்ளை எடுக்கக் குனிந்தவள், ஓவர்சியரைப் பார்த்ததும் பயந்துபோனாள்.

“கோவிச்சுக்காதீங்க சார். புதன்கிழமைக்குப் புதன்கிழமை செக்கப்பு. வேற எப்படிப் போறதுன்னு தெரியல.”

அவருக்கும் தெரியவில்லை. மூன்று தடவை முள் வெட்டிப் போட்டவருக்கு ஒரு தடவைகூட அது தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது.

எழுந்து போய் முள்ளைத் தன் கையாலேயே இழுத்து ஒதுக்கினார். அவர் இறுக்கிய மண்ணில் தடம் பதித்துக்கொண்டு பைக் போனது. கண்ணுக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

சாயங்காலம் காளவாசலுக்குப் போனார். உலகம்மாள் அவர் உள்ளங்கையில் இருந்த கீறலைப் பார்த்தாள்.

“எத்தனை மூட்டை சார் வேணும்?”

“இப்போதைக்கு ஒண்ணு போதும்.”

“ரெண்டு மைலுக்கு ஒரு மூட்டையா?”

“ரோட்டுக்கு நடுவுல நீளமா ஒரு கோடு போடணும் தாயி. ஒரு பக்கத்து மண்ணு ஏழு நாள் நிம்மதியாக் கிடக்கட்டும்.”

“மறு பக்கம்?”

“அது ஊர் ஜனம் போக வர. அடுத்த புதனும் செக்கப்பு இருக்குல்ல.”