மேகலா கேட்ட கேள்வி

மேகலா என்ற சிம்பன்சி கையால் பேசும். காட்டை ஒட்டிய ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில், கூண்டுக்குள் அது தன் குட்டியோடு இருந்தது. அதற்குச் சைகை கற்றுக்கொடுத்தவர் டாக்டர் மதுரவல்லி. நல்ல மனுஷிதான். ஆனால் அவர் கேட்கும் கேள்விகள் விசித்திரமானவை. வாழைப்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டே, "இது என்ன?" என்பார். மேகலா "பழம்" என்று சைகை செய்தால் கை தட்டுவார், பழத்தைக் கொடுப்பார், நோட்டில் எழுதிக்கொள்வார்.

ஜன்னல் கம்பியில் வந்து உட்காரும் அணிலுக்கு இது புரியவே இல்லை.

"ஏன்க்கா, அந்தம்மாவுக்குக் கண்ணு தெரியாதா? கையில இருக்கிறதையே என்னன்னு கேக்குறாங்களே."

"அவங்களுக்குத் தெரியும்டா. எனக்குத் தெரியுதான்னு பாக்குறாங்க" என்றது மேகலா.

ஒரு நாள் காலையில் ஆட்கள் வந்து குட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பின்கட்டடத்தில் புது மருந்து ஒன்றைச் சோதிக்க வேண்டுமாம். மேகலாவிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இத்தனைக்கும் சொன்னால் அதற்குப் புரியும்!

மறுநாள் டாக்டர் ஒரு பந்தைக் காட்டி, "இது என்ன?" என்றார். மேகலா பந்தைப் பார்க்கவே இல்லை. "என் குட்டி எங்கே?" என்று சைகையில் கேட்டது.

டாக்டர் துள்ளி எழுந்தார். "எல்லாரும் வாங்க! மூணு சைகையைச் சேத்துக் கேள்வியே கேக்குது!"

எல்லாரும் ஓடி வந்தார்கள். கை தட்டினார்கள். ஒரு சீப்புப் பழம் கொடுத்தார்கள். பதில் மட்டும் யாரும் சொல்லவில்லை. மேகலா தினமும் கேட்டது. தினமும் கைதட்டலும் பழமும்தான் கிடைத்தன. பழங்கள் மூலையில் கிடந்து கறுத்தன.

பொறுக்க மாட்டாமல் அணில் பின்கட்டடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தது.

"பாப்பா இருக்குக்கா. கையில ஊசி போட்டுக் கட்டு கட்டியிருக்காங்க. நெஞ்சைத் தொட்டுத் தொட்டு ஏதோ காட்டிக்கிட்டே இருக்கு."

"என்னைத்தான் கூப்பிடுது. 'அம்மா'ன்னு நான் கத்துக்கொடுத்த சைகை அது. அங்க இருக்கிறவங்க என்ன செய்யுறாங்க?"

"அவங்களுக்குச் சைகை தெரியாதுக்கா. அரிக்குதுன்னு நெனச்சு நெஞ்சுல களிம்பு தடவுறாங்க."

அதன் பிறகு மேகலாவின் கைகள் அசையவில்லை. சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தது. அணில் பக்கத்திலேயே இருந்தும் மேகலாவின் தனிமை கொஞ்சமும் குறையவில்லை.

பத்து நாள் கழித்து டாக்டர் கூண்டின் முன் உட்கார்ந்தார். "ஏன் என்னோடு பேச மாட்டேன் என்கிறாய்?" என்று சைகையில் கேட்டார். பதில் தெரியாமல் அவர் கேட்ட முதல் கேள்வி அது.

மேகலா அவரையே பார்த்தது. பிறகு இரண்டு கைகளையும் தட்டியது. மூலையில் கிடந்த பழம் ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தது. மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது.

டாக்டருக்குச் சுரீர் என்றது. பின்கட்டடத்துக்கு ஓடினார். அங்கே கூண்டு காலியாக இருந்தது. முந்தின நாள்தான் குட்டியை வேறு ஏதோ ஊருக்கு லாரியில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். எந்த ஊர் என்று அங்கிருந்தவர்களுக்கும் தெரியவில்லை.

அவர் திரும்பி வந்து மேகலாவின் முன் நின்றார். எல்லாச் சைகையும் தெரிந்த அவருக்குக் கைகள் எழவே இல்லை.

பதில் சொல்ல மனம் இல்லாதவர்கள், யாருக்கும் பேசக் கற்றுக்கொடுக்கக் கூடாது.