தையல்சிட்டு தைத்த சிவப்புத் தொப்பிகள்

புல்வெளி முயல்களுக்கும் பாறைக்குன்று நரிகளுக்கும் அந்தக் கோடையில் போர் மூண்டது. சுற்றுவட்டாரத்தில் வற்றாமல் இருந்த ஒரே சுனை யாருக்கு என்பதுதான் சண்டை.

முயல் படைக்கு உடை தைக்கும் பொறுப்பை மணியிழை என்ற தையல்சிட்டு ஏற்றுக்கொண்டது.

"என் வீரர்களைக் கண்டதும் நரிகள் அசந்து போக வேண்டும்" என்றது முயல்களின் தளபதி நெடுஞ்செவி.

மணியிழை ஓய்வில்லாமல் தைத்தது. முருக்கம்பூ இதழ்களில் சிவப்புத் தொப்பி, பச்சை ஆலிலையில் மார்புக் கவசம், தண்ணீர் எடுத்துப் போக இடுப்பில் நத்தை ஓடுகள். அணிந்துகொண்டு முயல்கள் வரிசையில் நின்றபோது பூந்தோட்டம் ஒன்று எழுந்து நின்றது போலிருந்தது. மணியிழைக்குப் பெருமை தாங்கவில்லை.

படை சுனைக்குப் புறப்பட்டது. தன் வேலையைத் தொலைவிலிருந்து பார்த்து ரசிக்க மணியிழை முன்னால் பறந்து போய் ஒரு பாறைமேல் உட்கார்ந்தது. பாறைக்குக் கீழே நரிகள் பதுங்கியிருந்தன.

"முயலைத் தேடித் தேடி நமக்குக் கண் பூத்துப் போகும். இன்றைக்குப் பார், பூவைச் சூடிக்கொண்டு வருகின்றன" என்றது ஒரு நரி.

"ஓடுகள் கிலுகிலுக்கிற சத்தம் வேறு. கண்ணை மூடிக்கொண்டே பிடித்துவிடலாம். இன்னும் கொஞ்சம் கிட்டே வரட்டும்" என்றது இன்னொன்று.

மணியிழை திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தது. வெளுத்த புல்லில் ஒவ்வொரு தொப்பியும் தனித்தனியே பளிச்சென்று தெரிந்தது. ஆசை ஆசையாகத் தைத்ததெல்லாம் முயல்களைக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது. ஒரே பாய்ச்சலில் தளபதியிடம் பறந்தது.

"தளபதி, எல்லோரையும் தொப்பியைக் கழற்றச் சொல்லுங்கள். கவசத்தையும்தான். பாறைக்குப் பின்னால் நரிகள் இருக்கின்றன."

"என்ன பேச்சு இது? நீ தைத்ததுதானே?"

"நான் தைத்ததுதான். தப்பாகத் தைத்துவிட்டேன். அங்கிருந்து பார்த்தால் உங்களில் ஒருவர்கூட கண்ணுக்குத் தப்பவில்லை."

"தொப்பியில்லாத படையைக் கண்டு நரி பயப்படுமா?"

"இப்போதும் பயப்படவில்லை, தளபதி. கிட்டே வரட்டும் என்று காத்திருக்கின்றன."

நெடுஞ்செவி தன் வீரர்களைத் திரும்பிப் பார்த்தது. எல்லாம் இளம் முயல்கள். பிறகு தன் தொப்பியையும் கவசத்தையும் கழற்றி மண்ணில் புதைத்தது. மற்ற முயல்களும் அப்படியே செய்தன. ஓடுகளுக்குள் புல்லைத் திணித்துக்கொண்டு, பழுப்பு உடம்போடு காய்ந்த புல்லுக்குள் படுத்துவிட்டன.

நரிகள் வந்தன. ஒன்றின் வால் நெடுஞ்செவியின் மூக்கை உரசியது. தளபதி தும்மலை விழுங்கிக்கொண்டது. முள்மரத்தில் மணியிழை அசையாமல் உட்கார்ந்திருந்தது.

"இப்போதுதானே இங்கே இருந்தன?"

"எங்கே போயிருக்கும்? நம்மைச் சுற்றித்தான் படுத்திருக்கின்றனவோ என்னவோ. எத்தனை என்றும் தெரியவில்லை. வா, போய்விடலாம்."

நரிகள் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி ஓடின. புழுதி அடங்கியதும் புல்வெளி முழுவதும் ஒரு பெருமூச்சு எழுந்தது. தளபதி அடக்கி வைத்திருந்த தும்மலைத் தும்மியது. எல்லா முயல்களும் சிரித்துவிட்டன. மணியிழை அப்புறம்தான் முள்மரத்திலிருந்து இறங்கி வந்தது.

அடுத்த நாளே அது மறுபடி தைக்க உட்கார்ந்தது. இந்த முறை காய்ந்த தேக்கிலையில் கவசம், சத்தம் போடாத சிறு சுரைக்குடுக்கை. ஒன்றை முடித்ததும் ஒரு முயலுக்கு மாட்டிவிட்டுப் பாறைமேல் போய் உட்கார்ந்து பார்க்கும். முயல் கண்ணில் படாவிட்டால்தான் அடுத்ததைத் தொடும்.

கண்ணுக்குத் தெரியாத படையோடு மல்லுக்கட்டி நரிகள் சலித்துப் போயின. கடைசியில் சுனையைப் பங்கிட்டுக் குடிக்க அவையே சமாதானம் பேசி வந்தன. முயல்கள் ஒன்றுகூடக் குறையாமல் வளைக்குத் திரும்பின.

தன் கைவேலை எவ்வளவு அழகாக இருந்தாலும், அதனால் பிறர் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்த உடனே தவறை ஒப்புக்கொண்டு திருத்துகிறவரே நல்ல வேலைக்காரர்.