மந்தியின் குரலில் கரிச்சான்

சிரிப்பு வருகிற கதைதான் இது. ஆனால் கொஞ்சம் பொறுக்க வேண்டும். சிரிப்புக்கு முன்னால் ஒரு சிறுத்தை நிற்கிறது.

கோடையில் காட்டுக் குளம் வற்றி, நடுவில் ஒரு குட்டையாகச் சுருங்கிவிட்டது. சுற்றிலும் உயரமான காய்ந்த புல். அந்தப் புல்லுக்குள் சிறுத்தை சுற்றுவது எல்லோருக்கும் தெரியும். எங்கே என்பதுதான் தெரியாது.

புள்ளிமான் கூட்டத்தின் தலைவிக்கு அப்போதுதான் குட்டி பிறந்திருந்தது. தண்ணீர் குடிக்காவிட்டால் அவளுக்குப் பால் ஊறாது. பால் இல்லாவிட்டால் குட்டி பிழைக்காது.

அதனால் காவல் வைத்தார்கள். தெற்கே நாவல் மரத்தில் மந்தி. மேற்கே பாறைமேல் மயில். இருவரிடமும் கேட்டு மான்களுக்குச் சொல்ல, கரிச்சான் குருவி. அதற்கு எல்லார் குரலும் வரும்.

"குர்ர்! தெற்கே யாருமில்லை!" கரிச்சான் வாயில் இது மந்தி.

"மேயாவ்! மேற்கே யாருமில்லை!" அதே வாயில் இது மயில்.

கண்ணை மூடிக்கொண்டால் வித்தியாசமே தெரியாது!

முயல் ஓடிப்போய், "மந்தியக்கா, நிஜமா அப்படிச் சொன்னீங்களா?" என்று கேட்டு வரும். மயிலிடமும் கேட்கும். அதன் பிறகுதான் மான்கள் இறங்கும்.

வெயில் ஏற ஏற முயலுக்கு நாக்குத் தள்ளியது.

"நீ ஓடினது போதும்," என்றாள் தலைவி. "கரிச்சான் ஒருநாளும் தப்பாச் சொன்னதில்லையே!"

"அது உங்களுக்கு எப்படித் தெரியும் அத்தை? நான் ஓடிப் பார்த்ததாலதானே!" என்றது முயல். "ரெண்டு பேர்கிட்டயும் போக முடியாதுதான். யாராவது ஒருத்தர்கிட்ட மட்டும் போறேன். யார்கிட்டன்னு கரிச்சானுக்குச் சொல்லாமப் போறேன்!"

"இருக்கிற தண்ணியில உனக்கும் பங்கு, நீ ஓடி வர்ற தாகத்துக்குத் தனிப் பங்கா? பேசாம இரு!" என்றாள் தலைவி.

முயல் ஓடுவதை நிறுத்திக்கொண்டது. சரிபார்க்க யாரும் இல்லாததால், அடுத்த நாளே கரிச்சானும் மரம்வரை பறப்பதை விட்டுவிட்டது. நேற்றுக் கேட்டதையே இன்றும் சொன்னது.

"குர்ர்! தெற்கே யாருமில்லை!"

மான்கள் இறங்கின. குட்டி தெற்குக் கரையோரம் புல்லை மோந்துகொண்டு நின்றது. தலைவி குனிந்து குடித்தாள். பக்கத்தில் யாரோ சளக் சளக் என்று குடித்தார்கள். ஒரு நீண்ட வால் அவள் முதுகில் பட்டது.

"கொஞ்சம் தள்ளிக் குடிங்க மந்தியக்கா."

"தொண்டை வறண்டுபோச்சு தங்கச்சி. யாரும் கேட்க வரலை. சரி, இறங்கிட்டேன்."

"அதுக்கென்ன, குடிங்க குடிங்க."

மேலே கிளையிலிருந்து குரல் கேட்டது. "குர்ர்! தெற்கே யாருமில்லை!"

மந்தி வாயில் தண்ணீரோடு அண்ணாந்து பார்த்தது. "அட! அப்படியே என் குரல்! என்னமாப் பேசுது பாரு!"

"ஆமாக்கா, அப்படியே நீங்கதான்," என்று சொல்லிவிட்டுத் தலைவி மறுபடி குனிந்தாள்.

குனிந்தவள் குடிக்கவில்லை. வாயிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"அக்கா... நீங்க இங்கே இருந்தா, தெற்கே பார்த்தது யாரு?"

காற்றே இல்லை. குட்டிக்கு முன்னால் புல் அசைந்தது.

நமக்காகப் பார்த்துச் சொல்வது குருவியோ இயந்திரமோ, ஆள் பற்றாவிட்டால் சோதிப்பதைக் குறைத்துக்கொள்ளலாம். அடியோடு நிறுத்திவிடக் கூடாது.