திருவிருந்தில் ஒரு சினிமாப் பாட்டு

ஞாயிற்றுக்கிழமை செய்த காரியத்துக்குத் தேவகடாட்சம் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ராஜினாமா செய்ய வந்தார். நடுவில் திங்கட்கிழமை என்று ஒரு நாள் இருந்ததே, அது எப்படிப் போனது என்று அவர் மனைவி சுகந்தியைக் கேட்டால்தான் தெரியும். சாளைமீன் குழம்பு கொதிக்கிற வீட்டில் மனுஷன் மோர் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோனார். கேட்டதற்கு, "ஒண்ணுமில்லட்டி" என்றார். ஒன்றுமில்லாதவன் எவனாவது சாளைமீனை வேண்டாம் என்பானா?

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. பகலில் பஸ் டெப்போவில் டைம் கீப்பர். சனிக்கிழமை சாயங்காலம் கல்யாண வரவேற்புகளில் மெல்லிசைக் குழுவோடு கீபோர்டு வாசிப்பார். ஞாயிறு காலையில் அதே கையைக் கழுவிக்கொண்டு வந்து கோயிலில் வாசிப்பார். அந்த ஊர்க் கிறிஸ்தவர்களுக்குக் கோயில் என்றால் அவர்கள் சபையின் ஆலயம்தான். ஐயர் என்றால் சபைக் குருவானவர்.

அவர் ராஜினாமா கொடுக்க வந்தது ஐயரிடம் அல்ல. எப்சிபா டீச்சரிடம்.

எப்சிபா டீச்சர் பாடகர் குழுவை நடத்துகிறவர். வயது முப்பத்தெட்டு. எட்டு வருஷத்துக்கு முன்னால் வெறும் காதை நம்பி வாசித்துக்கொண்டிருந்த தேவகடாட்சத்தைப் பிடித்து உட்காரவைத்து, கோடு போட்ட இசைத்தாளைப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர். பதினாலு வயசு இளையவரை எல்லார் முன்னாலும் "டீச்சர்" என்று கூப்பிட அவர் ஒருநாளும் கூசியதில்லை. டீச்சரும் அவரை "அண்ணாச்சி" என்றுதான் கூப்பிடுவார். தப்பாக வாசித்தால் மட்டும் அண்ணாச்சி என்றும் பார்க்கமாட்டார்.

கோயிலை ஒட்டிய சின்ன அறையில் டீச்சர் பாடகர் குழுவின் வெள்ளை அங்கிகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க அண்ணாச்சி. முகம் ஏன் இப்படிக் கிடக்கு? டெப்போவுல எதுவும் பிரச்சினையா?"

"டெப்போவுல என்ன பிரச்சினை. டீச்சர், நான் இனிமே கோயில்ல வாசிக்கல."

டீச்சர் கையை நிறுத்தவில்லை. "யாரும் எதுவும் சொன்னாங்களா?"

"ஐயர் சொன்னாரு."

"என்ன சொன்னாரு?"

"இன்னைக்கு உங்க வாசிப்பு ரொம்ப பக்தியா இருந்துச்சுன்னு சொன்னாரு."

"அதுக்கா வாசிக்கல?"

தேவகடாட்சம் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை திருவிருந்து நடக்கையில நான் சினிமாப் பாட்டு வாசிச்சுப்புட்டேன், டீச்சர்."

அப்பமும் திராட்சரசமும் வாங்க ஜனங்கள் வரிசையாகப் பீடத்துக்குப் போய், மரக் கிராதியின் முன் முட்டங்கால் போடுவார்கள். கடைசி ஆள் வாங்கித் திரும்பும்வரை மெல்லிசாக ஒரு பாமாலையை, அதாவது ஆராதனைப் பாட்டை, வாசித்துக்கொண்டே இருக்கவேண்டும். அதுதான் கீபோர்டுக்காரன் வேலை. அந்தப் புண்ணிய நேரத்தில்தான் தேவகடாட்சத்தின் கை, சனிக்கிழமை வரவேற்பில் வாசித்த காதல் பாட்டுக்குள் போய்விட்டது. ஆற்றங்கரையில் நின்று ஒருத்தி ஒருத்தனை 'வா வா' என்று கூப்பிடுகிற பாட்டு. முழு பல்லவியும் வாசித்து, சரணத்தில் பாதி வந்தபிறகுதான் அவருக்கே தெரிந்தது. அப்போது முதுகில் ஓடிய வேர்வை இன்னும் காயவில்லை.

டீச்சர் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தார். அவர் உதடு துடித்தது. பிறகு அடக்கமுடியாமல் சிரித்துவிட்டார்.

"எனக்கு ரெண்டாவது வரியிலேயே தெரிஞ்சுபோச்சு அண்ணாச்சி."

"ஐயோ! தெரியுமா?"

"நல்லாத் தெரியும். எங்க கல்யாணத்துல போட்ட பாட்டுல்லா அது."

"அப்புறம் ஏன் டீச்சர் ஒண்ணும் சொல்லல?"

"வெறும் மெட்டுதான? நிதானமா, அழகா வாசிச்சீங்க. வேற யாரும் கண்டுக்கல. தெரிஞ்ச ரெண்டொருத்தர் மூச்சு விடமாட்டாங்க, விட்டா அந்தப் பாட்டு அவங்களுக்கு எப்படித் தெரியும்னு கேள்வி வரும். சவத்தை விடுங்க."

தேவகடாட்சத்துக்கும் சிரிப்பு வந்தது. இரண்டு நாளுக்கு அப்புறம் வந்த முதல் சிரிப்பு. ஆனால் பாதியிலேயே நின்றுபோனது.

"பாட்டை விடுங்க டீச்சர். அதைவிடப் பெரிய தப்பு ஒண்ணு இருக்கு."

"இன்னும் என்ன?"

"என் மனசு அங்கேயே இல்ல. வீட்டுல கக்கூஸ் அடைச்சுக் கிடந்துச்சு. செப்டிக் டேங்க் லாரிக்காரன் ஞாயித்துக்கிழமை பத்தரைக்குத்தான் வருவேன்னுட்டான். வீட்டுல ஆள் இல்ல, சுகந்தியும் கோயில்ல இருக்கா. கேட்டை யாரு திறப்பா, வந்தவன் திரும்பிப் போயிட்டா இன்னும் ஒரு வாரம் பக்கத்து வீட்டுக்குல்லா ஓடணும்னு, என் புத்தி பூராவும் அந்த லாரியிலேயே இருந்துச்சு. ஆண்டவருடைய பந்தி அங்க நடக்கு, நான் இங்க கக்கூஸை நினைச்சுக்கிட்டு வாசிக்கேன்."

டீச்சர் இஸ்திரி போட்ட அங்கியை மடித்துவைத்தார்.

"ஒருநாள் கதையா இருந்தா பரவாயில்ல. யோசிச்சுப் பாத்தா எட்டு வருஷமும் இப்படித்தான். ஒரு நாள் மகள் பரீட்சை. ஒரு நாள் டெப்போவுல பிரேக்டவுன் ஆன வண்டி. ஜனங்க கண்ணை மூடி ஜெபம் பண்ணுதாங்க, நான் கண்ணைத் திறந்துக்கிட்டு வீட்டுக் கணக்கு போடுதேன். ஐயர் என்னன்னா பக்திங்காரு. எனக்கு வெக்கமா இருக்கு டீச்சர். அந்தக் கீபோர்டைத் தொடாம எனக்கு ஞாயித்துக்கிழமை ஏது? அதை விட்டா நான் செத்த மாதிரிதான். இருந்தாலும் பொய்யா வாசிக்க முடியாது."

அவர் தலை குனிந்திருந்தது. கண்ணில் தண்ணீர் நின்றது.

"மனசு வராம கை மட்டும் வாசிச்சா, அது ஆராதனையா டீச்சர்? நீங்களே சொல்லுங்க. நீங்க இல்லன்னு சொன்னா இப்பவே போயிருதேன்."

டீச்சர் இஸ்திரிப்பெட்டியின் வயரைப் பிடுங்கினார்.

"எந்திரிச்சு வாங்க."

இரண்டு பேரும் கோயிலுக்குள் போனார்கள். ஆள் யாரும் இல்லை. சாயங்கால வெயில் மேற்கு ஜன்னல் வழியாகப் பாதி பெஞ்சுகள்வரை வந்திருந்தது. டீச்சர் கீபோர்டின் துணி உறையை எடுத்து மடித்துவைத்தார்.

"உக்காருங்க. ஞாயித்துக்கிழமை திருவிருந்துக்கு வாசிச்ச பாமாலையை வாசிங்க."

"இப்ப எதுக்கு டீச்சர்?"

"போறதுக்கு முன்னால எனக்கு ஒரு தடவ வாசிச்சுக் காட்டிட்டுப் போங்க. ஆனா சினிமாப் பாட்டு வரக்கூடாது. பாமாலை மட்டும்."

சொல்லிவிட்டு டீச்சர் நடந்துபோய், பீடத்துக் கிராதியின் ஓரத்தில் முட்டங்கால் போட்டுக் குனிந்தார். தேவகடாட்சம் இருந்த இடத்திலிருந்து அவர் முதுகும் கிராதியும் நன்றாகத் தெரிந்தன.

தேவகடாட்சம் வாசித்தார். நாலு சரணம். இந்தத் தடவை மனசை ஒரு இடத்துக்கும் விடவில்லை, கயிறு போட்டுக் கட்டிய மாதிரி பிடித்துவைத்திருந்தார். நாலு சரணமும் முடிந்தன. டீச்சர் எழுந்திருக்கவில்லை. மறுபடி முதலிலிருந்து வாசித்தார். அதுவும் முடிந்தது. டீச்சர் அப்படியே இருந்தார்.

பாமாலை மட்டும் என்றார்களே. அதுதான் முடிந்துவிட்டதே. தேவகடாட்சம் கையை எடுத்தார்.

கோயில் சட்டென்று அமைதியாகிவிட்டது. மேலே புறா ஒன்று சிறகடித்தது.

டீச்சர் ஒரு கையால் கிராதியைப் பிடித்தார். எழுந்திருக்கப் பார்த்தார். ஒரு கால் பாதி ஊன்றியது, மற்றது வரவில்லை. அப்படியே பழையபடி உட்கார்ந்துவிட்டார். கிராதி கிறீச்சிட்டது. காலியான கோயிலில் அந்தச் சத்தம் கூரை வரைக்கும் கேட்டது. மறுபடி எழப் பார்த்தார். மறுபடி கிறீச்.

தேவகடாட்சத்துக்கு உடம்பு கூசியது. பார்க்கக்கூடாத ஒன்றைப் பார்க்கிற மாதிரி இருந்தது. சும்மா நடிக்கிறார் என்று தெரியும். இருந்தும் தாங்கமுடியவில்லை. கை தானாகப் போய்க் கட்டைகளின்மேல் விழுந்தது. ஏதோ ஒரு பாட்டு, பாதியிலிருந்து. எந்தப் பாட்டென்று அவர் கவனிக்கவில்லை. கிறீச் சத்தம் அதற்குள் மூழ்கிப்போனது.

டீச்சர் சட்டென்று எழுந்து, சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு வந்தார். காலில் ஒரு குறையும் இல்லை.

"நிப்பாட்டிட்டீங்களே அண்ணாச்சி, மறுபடி ஏன் ஆரம்பிச்சீங்க?"

"நீங்க எந்திரிக்கக் கஷ்டப்படுதீங்க, நான் எப்படிக் கையைக் கட்டிக்கிட்டு இருக்க? அம்புட்டு சத்தம் கேக்கு."

"பாமாலை மட்டும்னு சொன்னேனே."

"அது தீந்துபோச்சே டீச்சர்."

"ஞாயித்துக்கிழமையும் தீந்துபோச்சா?"

தேவகடாட்சம் கிராதியைத் திரும்பிப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை கடைசியா வந்தது யாரு அண்ணாச்சி?"

"ஈசாக்கு."

பெயர் தானாக வந்தது. பந்தல்காரர் ஈசாக்கு. சாரத்திலிருந்து விழுந்து, தொடையில் பிளேட் வைத்து, ஐந்து மாசம் படுக்கையில் கிடந்துவிட்டு அன்றைக்குத்தான் ஊன்றுகோலோடு கோயிலுக்கு வந்திருந்தார். நின்றே வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஐயர் சொல்லியும் கேட்காமல் முட்டங்கால் போட்டார். அந்த ஆள் ஒரு காலத்தில் ஒற்றைக் கையால் மூங்கிலைத் தூக்கி நிறுத்தியவர்.

"சொல்லுங்க" என்றார் டீச்சர்.

"முட்டங்கால் போட்டுட்டாரு, எந்திரிக்க முடியல." தேவகடாட்சம் மெதுவாகச் சொன்னார். ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டது. "பாமாலை ரெண்டு தடவ முடிஞ்சுபோச்சு. அவரு இன்னும் கிராதியைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குதாரு. யாரையும் பிடிக்க விடமாட்டாரு, ரோஷக்காரரு. கம்பு வேற தரையில வழுக்கி விழுந்துச்சு..."

"அந்தச் சத்தம் எனக்குக் கேக்கலையே" என்றார் டீச்சர். "நான் பாடகர் குழுவுல, அஞ்சாறு அடி தள்ளித்தான் நின்னேன்."

"நான்தான் வால்யூமைக் கூட்டினேன்."

சொன்னபிறகுதான் அதை அவரே கேட்டார். வலது பாதத்தைக் குனிந்து பார்த்தார், வேறு யாருடையதோ போல. அந்தப் பாதம்தான் வால்யூம் பெடலை அழுத்தியிருந்தது. எப்போது அழுத்தினார்? அழுத்தலாம் என்று எப்போது நினைத்தார்?

"அந்த நேரத்துல கைக்கு எது கிடைச்சுச்சோ அதை வாசிச்சீங்க" என்றார் டீச்சர். "எப்ப நிப்பாட்டினீங்க?"

"பாதிச் சரணத்துல இது சினிமாப் பாட்டுன்னு புத்தியில பட்டுச்சு. உடனே நிப்பாட்டியிருக்கணும். நிப்பாட்டல. பாமாலைக்குள்ள மெல்ல இழுத்துக்கிட்டு வந்து, அப்புறம்..." தேவகடாட்சம் யோசித்தார். "அவரு வந்து பெஞ்சுல உக்காந்தபிறகுதான் கையை எடுத்தேன்."

நெஞ்சுக்குள் இரண்டு நாளாக இறுகிக் கிடந்தது என்னவோ அவிழ்ந்தது. அவருக்கு நன்றாக மூச்சு வந்தது. அடித்துப் பெய்த மழை விட்டபிறகு வாசலில் வந்து நிற்கிற மாதிரி இருந்தது. ஆனாலும் டைம் கீப்பர் அல்லவா? கணக்கு நேராகாமல் விடமாட்டார்.

"டீச்சர், ஒண்ணு மட்டும் சொல்லிருதேன். நான் நல்லவன் வேஷம் போடக்கூடாது. ஈசாக்குக்காக வாசிக்கணும்னு நான் நினைக்கவே இல்ல. அவரைப் பாத்ததாகக்கூட எனக்கு ஞாபகம் இல்ல, இப்ப நீங்க கேட்டபிறகுதான் வருது. சத்தியமா என் மனசு பூரா அந்தக் கக்கூஸ் லாரியிலதான் இருந்துச்சு."

"லாரி வந்துச்சா?"

"வந்துச்சு. பக்கத்து வீட்டுக்காரரு கேட்டைத் திறந்துவிட்டுட்டாரு."

டீச்சர் துணி உறையை எடுத்து விரித்தார். மூடுவதற்கு முன் அவரைப் பார்த்துக் கேட்டார்.

"லாரியை நீங்க பாத்துக்கிட்டு இருந்தீங்க. சரி, ஒத்துக்கிடுதேன். அப்போ ஈசாக்கு அண்ணனைப் பாத்துக்கிட்டு இருந்தது யாரு?"

தேவகடாட்சம் டீச்சர் கையிலிருந்த உறையை வாங்கிப் பெஞ்சில் வைத்துவிட்டு, மறுபடி கட்டைகளில் கை வைத்தார்.