வாடகைக் காரில் மூன்றாம் நபர்

ஆவுடையார்கோவிலுக்குத் தெற்கே ஏம்பக்குடி என்று ஓர் ஊர். அங்கே அண்ணன் தம்பிகள் நாலு பேர். நாலு பேருக்கும் புத்தியே கிடையாது என்று ஊரில் சொல்வார்கள். அது பொய். புத்தி இருந்தது. வந்த பெட்டியிலேயே, கட்டுக்கூடப் பிரிக்காமல், புதுசாக இருந்தது.

மூத்தவர் சிங்காரவேலு. அடுத்தவர் பொன்னழகு. மூன்றாவது அடைக்கலம். கடைசி நல்லதம்பி. இவர்களில் கார் ஓட்டத் தெரிந்தவர் அடைக்கலம் ஒருவர்தான். அதனால் இந்தக் கதையில் அதிகம் பாடுபட்டவரும் அவர்தான்.

இவர்களுக்கு ஒரே தங்கை, வள்ளிக்கண்ணு. மலேசியாவில் ஈப்போ நகரத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவள் மகள் தர்ஷினிக்குக் கல்யாணம் கூடியது. சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு முகூர்த்தம். தாய்மாமன்மார் மாலை போடாமல் அந்த வம்சத்தில் எந்தப் பெண்ணும் மணவறை ஏறியதில்லை.

வள்ளிக்கண்ணு போனில் சொன்னாள்: "கோலாலம்பூர்ல இறங்கினதும் அங்கேயே ஒரு கார் வாடகைக்கு எடுத்துக்கங்க. மூணு மணி நேரந்தான். ஆனா ஒண்ணு கேட்டுக்கிறேன் அண்ணே. இங்க வந்து நீங்களா எதையும் யோசிக்காதீங்க. அவங்க என்ன சொல்றாங்களோ அதை அப்படியே செய்யுங்க."

"அப்படியே" என்றார்கள் நாலு பேரும்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குச் சீர்வரிசையோடு போய் இறங்கினார்கள். ஒரு குத்துவிளக்கு, ஒரு பட்டுப்புடவைப் பெட்டி. வாடகைக் கார் கொடுக்கும் இடத்தில் பிரமிளா என்ற தமிழ்ப் பெண் இருந்தாள்.

"காடி வேணுமாண்ணே?" என்று கேட்டாள். அந்த ஊர்த் தமிழர்கள் காரைக் காடி என்பார்கள். ஏம்பக்குடியில் காடி என்றால் புளித்த கஞ்சித் தண்ணீர்.

"வேணாம்மா. விமானத்துலயே உப்புமா குடுத்துட்டாங்க. கார் இருந்தாப் போதும்" என்றார் சிங்காரவேலு.

அவள் ஒரு வெள்ளைக் காரின் பக்கத்தில் அவர்களைக் கூட்டிக்கொண்டு போய், படிவத்தை எடுத்தாள். "எங்கெங்க கீறல், தழும்பு இருக்குன்னு இப்பவே காட்டிருங்க. எழுதிக்கிறேன். திரும்பி வர்றப்பச் சொன்னா கம்பெனி ஏத்துக்காது."

சிங்காரவேலு வேட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கினார். "இது பத்து வயசுல பனைமரத்துல இருந்து விழுந்தது." பொன்னழகு தாடையைத் திருப்பி, சவரக்கத்தி பட்ட இடத்தைக் காட்டினார். நல்லதம்பிக்கு இருந்தது முதுகில். அவர் சட்டையைக் கழற்ற ஆரம்பித்தார்.

பிரமிளா படிவத்தைப் பார்த்தாள். அதில் காரின் படம் மட்டும்தான் இருந்தது.

"முழங்காலை எங்கம்மா குறிப்பீங்க?" என்று அடைக்கலம் அக்கறையாகக் கேட்டார்.

"முன் சக்கரத்துல போட்டுக்கிறேண்ணே" என்றாள் அவள். அப்புறம் அவசரமாக மீதியைச் சொல்லி முடித்தாள். "வாடகையிலேயே மூன்றாம் நபர் காப்பீடு சேர்ந்திருக்கு. அதுக்கு மேல வேணும்னா தனியா எடுக்கணும்."

"இருக்கிறதே போதும்மா. நாங்க எதையும் யோசிக்கிறதா இல்லை" என்றார் சிங்காரவேலு.

"அப்ப சரி. எதுல மோதினாலும், போலீஸ் வந்து பாக்குற வரைக்கும் காடியை அசைக்கக் கூடாது. அது மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க."

கிளம்பி அரை மணி நேரம் நன்றாகத்தான் போனது. பிறகு பொன்னழகு தொண்டையைச் செருமினார்.

"மூன்றாம் நபருக்குத்தானே காப்பீடுன்னுச்சு அந்தப் பொண்ணு. நம்மள்ல யாரு மூன்றாம் நபர்?"

நாலு பேரும் விரல்விட்டு எண்ணினார்கள். பிறந்த வரிசைப்படி மூன்றாவது அடைக்கலம்.

"அப்ப இவனுக்கு ஒண்ணும் ஆகாது. ஆகுறதெல்லாம் நமக்குத்தான்" என்றார் சிங்காரவேலு.

"பொறக்கும்போதே வரிசை பாத்து வந்திருக்கான்" என்றார் பொன்னழகு.

அடைக்கலத்துக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. பத்து கிலோமீட்டர் போனதும் மனசு உறுத்த ஆரம்பித்தது. கண்ணாடியில் பார்த்தால், நல்லதம்பி காப்பீடு இல்லாத முகத்தோடு பின்னால் உட்கார்ந்திருந்தார். நாளைக்கு வள்ளிக்கண்ணு "மத்த மூணு பேரும் எங்கே?" என்று கேட்டால் என்ன சொல்வது? நெடுஞ்சாலை ஓரத்தில் ஓர் ஓய்விடம் வந்தது. அவர் காரை அங்கே நிறுத்தினார். நாலு பேரும் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து பேசினார்கள்.

"உக்காந்திருக்கிற வரிசையை வச்சு எண்ணலாம். எனக்கு மூணாவது இடம் வரும்" என்றார் பொன்னழகு.

"அப்ப நாலாவது இடத்துல இருக்கிறவன் என்ன பண்றது?" என்று கேட்டார் நல்லதம்பி. நாலாவது இடம் அவருடையது.

"முறை வச்சுக்குவோம். ஆளுக்கு இருபது கிலோமீட்டர் மூன்றாம் நபரா இருக்கலாம்" என்றார் சிங்காரவேலு.

"விபத்து யார் முறையில வரும்னு எப்படிண்ணே தெரியும்?" என்றார் நல்லதம்பி.

அது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடியதில் வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. கடைசியில் அடைக்கலத்துக்குத்தான் வழி தோன்றியது. குத்துவிளக்கை எடுத்து முன் இருக்கையில் வைத்து பெல்ட் போட்டார். புடவைப் பெட்டியை அதன் மடியில் வைத்தார்.

"விளக்கு ஒண்ணு. பெட்டி ரெண்டு. நான் மூணு. இப்ப நீங்க எண்ணுங்கண்ணே."

"விளக்கு ஒண்ணு, பெட்டி ரெண்டு, நான் மூணு" என்றார் சிங்காரவேலு. பொன்னழகு எண்ணினார், அவரும் மூணு. நல்லதம்பி இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார். இரண்டு தடவையும் மூணுதான் வந்தது. தம்பியின் முகம் தெளிந்ததைப் பார்த்த பிறகுதான் அடைக்கலத்துக்குச் சாப்பாடு இறங்கியது.

விளக்கு சாயக் கூடாது என்பதால் அடைக்கலம் மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினார். ஈப்போவில் கல்யாண மண்டபத்து வாசலுக்கு வந்தபோது மணி ஐந்து.

வாசலின் இரண்டு பக்கமும் குலை தள்ளிய வாழைமரம் கட்டியிருந்தது. உள்ளே மேளச் சத்தம் கேட்டது. நேரத்துக்கு வந்துவிட்டோம் என்ற நிம்மதியில் அடைக்கலம் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் அதிகமாகத் திருப்பிவிட்டார். கார் இடது பக்கத்து வாழையில் போய் மெதுவாக இடித்தது. மரம் கட்டு அவிழ்ந்து, காரின் முன்பக்கத்தின் மேல் சாவகாசமாகப் படுத்துக்கொண்டது.

"மோதிட்டோம். யாரும் அசையாதீங்க" என்றார் அடைக்கலம்.

சிங்காரவேலு அதற்குள் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்திருந்தார். கார் ஒரு பக்கமாக ஆடியது.

"அண்ணே, கார் அசையுது. உள்ள வந்திருங்க."

அவர் உள்ளே வந்தார். கார் மறுபக்கமாக ஆடியது. அதோடு நாலு பேரும் மூச்சைக் குறைத்துக்கொண்டார்கள்.

பின்னால் மாப்பிள்ளையின் கார் வந்து நின்றது. வேறு வாசல் கிடையாது. மாப்பிள்ளை கொஞ்ச நேரம் ஹார்ன் அடிக்கச் சொன்னார். பிறகு பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுற்றுச்சுவர் ஏறிக் குதித்தார். வள்ளிக்கண்ணு வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தாள்.

"இறங்குங்கண்ணே. இன்னும் இருபது நிமிஷம்கூட இல்லை."

"முடியாதும்மா. போலீஸ் வரணும்" என்றார் அடைக்கலம், உதடு அசையாமல்.

"யாரு சொன்னா?"

"அவங்க சொன்னாங்க. சொன்னதை அப்படியே செய்யணும்னு நீ சொன்னே."

தர்ஷினி மூன்று வயதில் ஏம்பக்குடிக்கு வந்தபோது ஒரு மாசம் அடைக்கலத்தின் தோளை விட்டு இறங்கவே இல்லை. அந்தப் பிள்ளைக்கு மாலை போட வந்துவிட்டு, ஐம்பதடி தூரத்தில் ஒரு வாழை இலைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறோமே என்று அவருக்குக் கண் கலங்கியது. துடைத்தால் கார் அசையும். துடைக்கவில்லை.

வள்ளிக்கண்ணு அண்ணன்மாரோடு பிறந்து வளர்ந்தவள். இனிப் பேசிப் பயனில்லை என்று அவளுக்குத் தெரியும். நேரே உள்ளே போய் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். தர்ஷினி ஒவ்வொரு ஜன்னலாகக் குனிந்தாள். மாமன்மார் நாலு பேரும் உட்கார்ந்தபடியே, கையை மட்டும் நீட்டி மாலை போட்டார்கள். மேளக்காரர்களும் காரைச் சுற்றி நின்று வாசித்தார்கள். மண்டபத்தின் கதவுகளை அகலத் திறந்து வைத்ததால் தாலி கட்டியதும் நன்றாகத் தெரிந்தது. பெரிய இலை ஒன்று மறைத்ததால், நல்லதம்பிக்கு மட்டும் பாதி மாப்பிள்ளைதான் தெரிந்தார்.

விருந்து ஆரம்பிக்கும் நேரத்துக்கு, மாப்பிள்ளையின் சித்தப்பா குணாளன் வேலை முடிந்து வந்தார். அவர் போலீஸில் சார்ஜென்ட்; அந்த ஊரில் சார்ஜன் என்பார்கள். உடுப்போடு வந்திருந்தார். ஜன்னல் வழியாக முழுக் கதையையும் கேட்டார். விளக்கையும் பெட்டியையும் உற்றுப் பார்த்தார்.

"நீங்க நாலு பேரும் மூன்றாம் நபர் இல்லைங்க. நீங்க யாரை இடிக்கிறீங்களோ, அவங்கதான் மூன்றாம் நபர்."

நாலு பேரும் வாழைமரத்தைப் பார்த்தார்கள்.

"ஆமா, இதுதான்" என்றார் சார்ஜன். பசி வேளை. சிரிக்காமல் தமாஷ் பண்ணுவது அவர் வழக்கம். "காடியைத் தாராளமா எடுங்க. இதை ஆஸ்பத்திரியில சேத்துட்டு வாங்க. நான் சாப்பிடப் போறேன்."

போலீஸே சொன்ன பிறகு என்ன யோசனை. விளக்கை இறக்கிவிட்டு வாழையை ஏற்றினார்கள். அடி முன் இருக்கையில், குலை பின்னால் மூவர் மடியில், இலை ஜன்னலுக்கு வெளியே.

மருத்துவமனையில் பதிவு செய்யும் அம்மாள் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "பேரு?"

"வாழைங்க."

"என்ன ஆச்சு?"

"சும்மா நின்னுக்கிட்டிருந்ததுங்க. நாங்கதான் இடிச்சிட்டோம்" என்றார் அடைக்கலம். "ஈன்று இன்னும் ரெண்டு மாசம்கூட ஆகலை."

"பிள்ளை பெத்தவங்களா? அதை முதல்லயே சொல்லக் கூடாதா? ரெண்டாவது மாடி, பேறுகாலப் பிரிவு."

லிஃப்டில் நிற்க வைக்க முடியவில்லை. தள்ளுவண்டியில் படுக்க வைத்தார்கள். தலைமாடு இலைப் பக்கமா, வேர்ப் பக்கமா என்று சிறிது விவாதம் நடந்தது. குலை இருக்கிற பக்கம் தலையணை வைப்பது என்று முடிவாயிற்று.

மாடியில் இருந்த தாதி முப்பது வருஷமாகப் பிள்ளை பார்க்க வரும் சொந்தக்காரர்களைச் சமாளித்தவர். மரத்தைப் பார்த்தார். பட்டு வேட்டியில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற நாலு பேரையும் பார்த்தார். போர்வையை விலக்கி, விரலால் ஒவ்வொரு சீப்பாகத் தொட்டு எண்ணினார்.

"ஒன்பது சீப்பு. நூத்து இருபத்தாறு. எல்லாம் நல்லா இருக்கு" என்று சொல்லி ஒரு படிவத்தை நீட்டினார். "பிள்ளைங்க பேரை எழுதிக் குடுத்துட்டு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்."

படிவத்தில் ஒரு பேருக்குத்தான் இடம் இருந்தது. அடைக்கலம் இன்னும் பத்துத் தாள் கேட்டு வாங்கிக்கொண்டார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மேல் சீப்பிலிருந்து ஆரம்பித்தார்.